டிராயிங் பிரஷால் கண் மேக்கப் போடலாமா?

ஐஷேடோ, ஐலைனர் பிரஷ்கள் அடங்கிய நல்ல செட் ஒன்று மூவாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் டிராயிங் பிரஷ் ஸ்டேஷனரி கடையில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கிக் கண்ணுக்குப் பயன்படுத்தலாமா, எந்த நம்பர் வாங்குவது, தம்பி வரைந்து முடித்து வைத்திருக்கும் பழைய பிரஷ்களைக் கழுவி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு மேக்கப் போடத் தொடங்கியிருப்பதாகவும், பையில் டிராயிங் பிரஷைப் பார்த்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயக்கமாக இருப்பதாகவும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: இந்த இரண்டு பிரஷ்களுக்கும் பெயரிலும் விலையிலும் மட்டும்தான் வித்தியாசமா, இல்லை செய்முறையிலேயே வித்தியாசம் உண்டா, உண்டென்றால் அது கண்ணுக்குக் கெடுதல் செய்யுமா?

நான் ஓவியம் படித்தவள். வாட்டர்கலரில் தொடங்கி, நாட்டியத்துக்கும் நாடகத்துக்கும் மேக்கப் போட்டு, அங்கிருந்து கல்யாண மேக்கப்புக்கு வந்தேன். இரண்டு வகைப் பிரஷும் என் பையில் சேர்ந்துதான் இருக்கின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெல் லைனர், தண்ணீரில் குழைத்துப் போடும் கேக் லைனர், கிரீம் ஷேடோ, கருவளையத்தை மறைக்கும் கன்சீலர் என்று ஈரப்பசை உள்ள எதற்கும் நல்ல ஓவியப் பிரஷ் தாராளமாகப் போதும். கோடு இழுப்பதில் பல மேக்கப் பிரஷ்களை அது மிஞ்சிவிடும். உலர்ந்த பவுடரை இமையில் தடவி ஓரம் தெரியாமல் கரைப்பதற்கு அது பெரும்பாலும் உதவாது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் மேக்கப் பிரஷ் வாங்குங்கள். மிச்சம் பிடித்த காசையும் அதிலேயே போடுங்கள்.

இரண்டும் வேறு வேறு உலகத்துப் பொருள்கள் என்ற எண்ணம் நமக்கு விளம்பரங்களால் வந்தது. செய்கிறவர்களுக்கு அப்படியில்லை. ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்தில் குமானோ என்ற சிற்றூர் இருக்கிறது. எழுத்துக்கலைத் தூரிகை செய்வதுதான் அந்த ஊரின் பழைய தொழில். அதே கைகள்தான் பின்னாளில் ஓவியத் தூரிகையும் மேக்கப் தூரிகையும் செய்யத் தொடங்கின. இன்று உலகத்தின் மிக விலையுயர்ந்த மேக்கப் பிரஷ்களில் சில அங்கிருந்து வருகின்றன. 2011இல் மகளிர் உலகக்கோப்பைக் கால்பந்தில் வென்ற ஜப்பான் அணிக்கு அந்த நாட்டு அரசு விருது கொடுத்தபோது, நினைவுப் பரிசாகக் குமானோ மேக்கப் பிரஷ்களைத்தான் வழங்கியது. ஜெர்மனியின் டா வின்சி நிறுவனமும் அமெரிக்காவின் ராயல் அண்டு லாங்நிக்கல் நிறுவனமும் ஓவியர்களுக்கும் மேக்கப்காரர்களுக்கும் சேர்த்தே பிரஷ் செய்கின்றன. முடியைக் கட்டி, பூண் எனப்படும் உலோகக் குழலில் நுழைத்து, பசை ஊற்றி, கைப்பிடியில் இறுக்கும் அடிப்படை வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் வித்தியாசமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று இடங்களில் அது இருக்கிறது. முதலாவது முடியின் நுனி. விலங்கு முடி இயற்கையாகவே நுனிக்குப் போகப்போக மெலியும். நல்ல சிந்தெடிக் இழையையும் அப்படியே கூராக்கியிருப்பார்கள். அந்த நுனியை வெட்டாமல் கட்டினால் பிரஷ் தோலில் பட்டதே தெரியாது. மலிவான பிரஷ்களில் முதலில் கட்டிவிட்டு, வடிவம் வருவதற்காக நுனியைக் கத்தரித்துவிடுகிறார்கள். கத்தரித்த முனை ஒவ்வொன்றும் மொட்டையாக நின்று இமையைக் குத்தும். காகிதத்துக்கு வலிக்காது என்பதால் ஓவியப் பிரஷில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது, முடியின் நெருக்கம். தண்ணீரைத் தேக்கிவைக்க வேண்டும் என்பதால் ஓவியப் பிரஷில் பூணுக்குப் பக்கத்தில் முடி இறுக்கமாக இருக்கும். பவுடரைப் பரப்புவதற்கான மேக்கப் பிரஷில் முடி தளர்வாக, மேலே குவிமாடம் போல விரிந்து நிற்கும். மூன்றாவது கைப்பிடி. எண்ணெய் வண்ணம், அக்ரிலிக் பிரஷ்களுக்கு நீளக் கைப்பிடி. ஓவியர் கான்வாஸிலிருந்து தள்ளி நின்று வரைவதற்காக அப்படிச் செய்கிறார்கள். நாம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள்.

ஈரமான சரக்கில் ஓவியப் பிரஷ் ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்த இரண்டாவது வித்தியாசமே காரணம். நெருக்கமான முடிக்கட்டு திரவத்தை உள்ளே பிடித்துவைத்து, அழுத்தம் கொடுக்கும்போது மட்டும் நுனி வழியாகச் சீராக விடும். வாட்டர்கலர் பிரஷின் பிறவிக் குணமே இதுதான். கேக் லைனரைத் தண்ணீரில் குழைத்து, உருண்டு கூரான நுனியுள்ள ரவுண்ட் பிரஷில் எடுத்தால், கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிமூலை வரைக்கும் ஒரே இழுப்பில் வந்துவிடலாம். நாட்டிய மேடைக்குக் கண்ணை எழுதிக் காதுப் பக்கம் நீட்டும்போது, நடுவில் நின்று மறுபடி தொட்டு எடுத்தால் அந்த இடத்தில் கோடு தடித்துவிடும். அந்த வேலைக்கு நான் இன்று வரை 2ஆம் நம்பர் சிந்தெடிக் ரவுண்ட் பிரஷைத்தான் எடுக்கிறேன். வெளிநாடுகளில் குழந்தைகளுக்கு முகத்தில் புலியும் வண்ணத்துப்பூச்சியும் வரைகிற ஃபேஸ் பெயின்டிங் கலைஞர்கள் பெரும்பாலும் வைத்திருப்பதும் டக்லான் எனப்படும் சிந்தெடிக் இழை கொண்ட ஓவியப் பிரஷ்கள்தான். சினிமாவில் பொய்க் காயமும் தழும்பும் வரைகிறவர்களில் பலரும் சிந்தெடிக் இழையைப் பயன்படுத்துகிறார்கள்.

நம்பர் கேட்டீர்கள். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: பிரஷ் நம்பருக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 4, இன்னொன்றின் 6 அளவுக்கு இருக்கும். எனவே நம்பரை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, முடிக்கட்டின் அகலத்தைக் கண்ணால் பாருங்கள். மெல்லிய ஐலைனருக்கு ரவுண்டில் 0 அல்லது 00. அடிப்பகுதி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதே 0 நம்பரில் நீள முடி வைத்த ரிகர் பிரஷும் கிடைக்கும், குட்டை முடி வைத்த மினியேச்சர் பிரஷும் கிடைக்கும். ரிகரில் திரவம் நிறைய நிற்கும். ஆனால் கை சற்றே நடுங்கினாலும் அந்த நடுக்கம் நுனியில் பெரிதாகத் தெரியும். இமைத் தோல் வேறு மடிந்து நகரும். பழகும் வரை குட்டை முடியே நல்லது. ஜெல் லைனர் கெட்டியாக இருப்பதால் முடி வளைந்து உடனே நிமிர வேண்டும். அதற்குச் சிந்தெடிக்தான் சரி.

கண்ணோரத்தில் வால் போல நீளும் விங் இழுப்பதற்கும் புருவத்தை நிரப்புவதற்கும் நுனி சாய்வாக வெட்டிய ஆங்குலர் பிரஷ் வேண்டும். ஆர்ட் கடையில் கால் அங்குல அளவில், அதாவது சுமார் ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் கிடைக்கும். முடிக்கட்டு தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கிறதா என்று பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். தடித்திருந்தால் கோடு பட்டையாகிவிடும். பல ஓவிய ஆங்குலர் பிரஷ்கள் இங்கேதான் தோற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த வகை ஃபில்பர்ட். தட்டையான பிரஷ்தான், ஆனால் நுனி பாதாம் பருப்பைப் போல வளைந்திருக்கும். 4 அல்லது 6 நம்பர் ஃபில்பர்ட்டால் இமையில் கிரீம் ஷேடோ தடவலாம், கண்ணுக்கடியில் கன்சீலர் வைக்கலாம், இமை மடிப்பைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் கட் கிரீஸையும் செய்யலாம். மடிப்பின் வளைவும் அந்த நுனியின் வளைவும் ஒத்துப்போவதால் கை தானாகவே சரியான இடத்துக்குப் போகும். கட் கிரீஸுக்கென்று தனியாக விற்கும் பிரஷை எடுத்துப் பார்த்தால் அதுவும் குட்டைக் கைப்பிடி போட்ட ஃபில்பர்ட்தான். உதட்டுக்கும் அதே வடிவம் பொருந்தும், ஆனால் கண்ணுக்கு வைத்ததை உதட்டுக்கு எடுக்காதீர்கள்.

இனி பவுடர். விலங்கு முடியின் மேற்பரப்பில் மிக நுண்ணிய செதில்கள் உண்டு. பவுடர் அவற்றில் தங்கி, தோலில் படும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வழுவழுப்பான நைலான் இழையில் அது தங்காது. எடுத்ததில் பாதி கன்னத்தில் உதிரும், மீதி இமையில் ஒரே இடத்தில் திட்டாகப் போய் ஒட்டும். மேக்கப்புக்கென்று செய்யும் இன்றைய சிந்தெடிக் பிரஷ்களில் இழையை நெளிநெளியாக்கி இந்தக் குறையைச் சரிக்கட்டுகிறார்கள். ஐம்பது ரூபாய் டிராயிங் பிரஷில் அந்த வேலைப்பாடு இருக்காது. அதனால் இமை மடிப்பில் பவுடரைக் கரைப்பதற்கான பிளெண்டிங் பிரஷை மட்டும் மேக்கப் கடையிலேயே வாங்குங்கள். ஆட்டு முடியோ, நெளிவுள்ள சிந்தெடிக்கோ, எதுவானாலும் சரி. ஷேடோ அழகாக விழுவதும் அசிங்கமாக விழுவதும் பெரும்பாலும் இந்த ஒரு பிரஷின் கையில்தான் இருக்கிறது. செட்டிலுள்ள மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது.

இதற்கு விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். பெரிய ஆர்ட் கடைகளில் மாப் என்றொரு வகை இருக்கும். நீள்வட்ட முனையுள்ள, ஆட்டு முடியால் செய்த பஞ்சு மாதிரியான பிரஷ். எண்ணெய் வண்ண ஓவியத்தில் வானத்தின் ஓரங்களை மென்மையாக்க அதைப் பயன்படுத்துவோம். அதன் சிறிய அளவு கிடைத்தால் ஷேடோ கரைக்க ஓரளவு உதவும். வாட்டர்கலருக்கான, கூர்நுனி உள்ள அணில் முடி மாப் வேறு. மென்மை இருந்தாலும் அது விரியாது, விலையும் அதிகம். விசிறி போல விரிந்த ஃபேன் பிரஷ் கன்னத்தில் உதிர்ந்த பவுடரைத் தட்டிவிட நல்லது, மென்மையான முடியாக இருந்தால் மட்டும். எண்ணெய் வண்ணத்துக்கான பன்றி முடி ஃபேனும் அதே ரேக்கில்தான் தொங்கும். பன்றி முடி எந்த வடிவத்தில் வந்தாலும் கண் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

முடி வகை பற்றி ஆர்ட் கடையில் உங்களைக் குழப்புவார்கள். விலையுயர்ந்தது கோலின்ஸ்கி சேபிள்; சைபீரிய மரநாயின் வால் முடி. வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனத்தின் சீரிஸ் 7 பிரஷ் இந்த முடியில் செய்தது. 1866இல் விக்டோரியா அரசி தமக்குப் பிடித்த 7ஆம் நம்பர் அளவில் ஆகச் சிறந்த வாட்டர்கலர் பிரஷ் கேட்டதில் பிறந்தது அது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. நுனியின் கூர்மையில் அதற்கு நிகரில்லை என்பது உண்மைதான். ஆனால் ஜெல் லைனரின் மெழுகும் அதைக் கழுவும் சோப்பும் அந்த முடியைச் சீக்கிரமே பாழாக்கிவிடும். மேக்கப்புக்காக அதை வாங்காதீர்கள். ‘கேமல் ஹேர்’ என்று எழுதியிருப்பதில் ஒட்டக முடி இருக்காது. அணில், ஆடு, குதிரை என்று கிடைத்ததைக் கலந்து கட்டியிருப்பார்கள். எது எவ்வளவு என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பொன்னிறத்தில் ‘சிந்தெடிக் கோல்ட்’ என்று கேம்லின் முதலான நிறுவனங்கள் விற்கும் சாதாரண வகையே உங்களுக்குப் போதும். சிறிய நம்பர்கள் பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கீரி முடிப் பிரஷ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் நாட்டில் அது வெகுகாலம் ஓவியர்களிடம் புழங்கியது. கீரி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு; அதன் முடியில் செய்த பிரஷை விற்பது குற்றம். அப்படியும் கள்ளத்தனமாகக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2019இல் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் நாடு முழுக்க இதற்கென்றே ஒரு சோதனை நடத்தியது. பிரஷ் தொழிலுக்குப் பெயர்போன உத்தரப் பிரதேசத்து ஷேர்கோட்டும் அதில் அடக்கம். ஒரே முடியில் வெளிறிய நிறமும் பழுப்பும் பட்டை பட்டையாக மாறிமாறி வந்தால் சந்தேகப்படுங்கள். ‘ஒரிஜினல் முடி, கம்பெனி பெயர் கேட்காதீர்கள்’ என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினால் எழுந்து வந்துவிடுங்கள். முடிக்காகக் கீரியைக் கொன்றுதான் எடுக்கிறார்கள்.

கடையில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன். பிரஷை எடுத்ததும் முதலில் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வட்டமாகத் தேயுங்கள். எளிதில் உணரும் இடம் அது. சிறிதளவு குத்தினாலும் வேண்டாம். புதுப் பிரஷின் நுனி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால், விரலால் மெதுவாகப் பிரித்துவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். அந்தக் கெட்டிக்குக் காரணம் வேறு, கீழே சொல்கிறேன். அடுத்து, முடியை விரல் மேல் நான்கைந்து முறை தட்டுங்கள். ஒரு முடி உதிர்ந்தால் பரவாயில்லை, மூன்று உதிர்ந்தால் வைத்துவிடுங்கள். பிறகு பூணைப் பிடித்து இலேசாகத் திருகுங்கள், ஆடக் கூடாது. கடைக்காரர் சம்மதித்தால் நுனியைத் தண்ணீரில் நனைத்து ஓர் உதறு உதறுங்கள். தானாகக் கூடி ஒரே கூராக நின்றால் நல்ல பிரஷ். இரண்டு நாக்காகப் பிரிந்தால் கோடும் இரண்டாகத்தான் விழும். நல்ல ஆர்ட் கடைகளில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வாங்கி வந்ததும் அப்படியே கண்ணில் வைக்காதீர்கள். வடிவம் கலையாமல் இருக்கப் புதுப் பிரஷின் நுனியில் கோந்தோ கஞ்சியோ தடவித்தான் அனுப்புகிறார்கள். அந்தக் கெட்டி இதனால் வந்ததுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் முடிப்பகுதியை மட்டும் சிறிது நேரம் நனைத்து, குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு துளி விட்டு, உள்ளங்கையில் மெதுவாக உருட்டிக் கழுவுங்கள். வழவழப்பு முழுவதும் போகும் வரை அலசுங்கள். தண்ணீரில் கறுப்போ சிவப்போ இறங்கினால் முடிக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். மறுபடியும் கழுவுங்கள், நிறம் இறங்குவது நிற்கவே இல்லையென்றால் அந்தப் பிரஷ் கண்ணுக்கு வேண்டாம். நுனியை விரலால் கூராக்கி, தரைமட்டமாகப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். குவளையில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பூணுக்குள் இறங்கிப் பசையை இளக்கும், கைப்பிடி மரம் ஊறி வெடிக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன். நான் கண் மருத்துவர் இல்லை. இமைத் தோல்தான் நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல். ஒவ்வாமை பல நேரம் அங்கே எளிதில் தெரியும். பிரஷ் பூண்களில் பல, பித்தளைக்கு நிக்கல் முலாம் பூசியவை. கவரிங் நகை போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்புண்டு. அவர்கள் இமையில் பூண் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது அலுமினியப் பூண் உள்ளதாகத் தேட வேண்டும். மேக்கப் பிரஷ் பூணிலும் இதே சிக்கல் வரலாம் என்பதால் இதை ஓவியப் பிரஷுக்கு மட்டுமான குற்றமாகச் சொல்ல மாட்டேன். இமை முடிக்கு உள்பக்கம் ஈரமாக இருக்குமே, அந்த விளிம்பில் எந்தப் பிரஷாலும் வரைய வேண்டாம் என்பது என் கருத்து. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மினுமினுப்புத் துகள் கலந்த ஐலைனர் பென்சிலை இமை முடிக்கு வெளியேயும் உள்ளேயும் தீட்டி ஒப்பிட்டார்கள். உள்ளே தீட்டியபோது ஐந்து நிமிடத்துக்குள்ளேயே 15 முதல் 30 சதவீதம் வரை அதிகத் துகள்கள் கண்ணீர்ப் படலத்துக்குள் போயிருந்தன. அது பென்சிலை வைத்துச் செய்த ஆய்வு, பிரஷை வைத்து அல்ல. ஆனால் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்தபின் எதனால் தீட்டினோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. லென்ஸ் போடுகிறவர்கள் மேக்கப்புக்கு முன்பே லென்ஸைப் போட்டுக்கொள்ள வேண்டும். முடி உள்ளே விழுந்து உறுத்தினால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீர் விட்டு அலசுங்கள். சிவப்போ வலியோ அடங்கவில்லையென்றால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

தம்பியின் பழைய பிரஷ்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். எவ்வளவு கழுவினாலும் வண்ணம் பூணுக்குள் தங்கியிருக்கும். ஓவிய வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் முதலானவை கலந்த நிறங்கள் உண்டு. காய்ந்த அக்ரிலிக் துணுக்கு கண்ணாடிச் சில்லு போலக் கூராக இருக்கும். மேக்கப்புக்கு வாங்கும் பிரஷை வாங்கிய அன்றே தனியாக வைத்துவிடுங்கள், தம்பிக்குக் கடன்கூடக் கொடுக்காதீர்கள். அதே காரணத்துக்காக இன்னொன்று: ஆர்ட் கடையிலிருந்து பிரஷை மட்டும்தான் எடுத்து வர வேண்டும். வண்ணத்தையும் கிராஃப்ட் கிளிட்டரையும் முகத்துக்குக் கொண்டுவரக் கூடாது. டப்பாவில் ‘நான் டாக்ஸிக்’ என்று எழுதியிருப்பது காகிதத்திலும் துணியிலும் பயன்படுத்துவதற்குத்தான். அப்படி எழுதியிருப்பதால் மட்டும் அது தோலுக்கு ஏற்றதாகிவிடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் எச்சரித்திருக்கிறது. பள்ளி ஆண்டு விழாக்களில் குழந்தைகள் கன்னத்தில் போஸ்டர் கலர் பூசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

சுத்தம் பற்றி. வீட்டு உபயோகத்துக்கு, 7 முதல் 10 நாளைக்கு ஒருமுறை பிரஷைக் கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம். ஈரச் சரக்குக்குப் பயன்படுத்தும் கண் பிரஷை நான் ஒவ்வொரு முறையும் கழுவுகிறேன். சென்னை வெக்கையில் ஜெல்லும் வியர்வையும் கலந்து கிடந்தால் மறுநாளே நாற்றம் வரும். நீங்கள் பலருக்குப் போடுகிறவர் என்பதால், ஒருவருக்குத் தொட்ட பிரஷைக் கழுவாமல் அடுத்தவருக்குத் தொடாதீர்கள். கல்யாண வீட்டில் அக்காவுக்கும் தங்கைக்கும் அத்தைக்கும் வரிசையாகப் போட வேண்டியிருக்கும், நடுவில் கழுவிக் காயவைக்க நேரம் இருக்காது. இங்கேதான் மலிவு பெரிய வரம். 0 நம்பர் பிரஷ் ஆறு வாங்கிவைத்துக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு எழுபது சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துத் துடைப்பது பல கிருமிகளைக் கொல்லும். ஆனால் மெட்ராஸ் ஐயை உண்டாக்கும் அடினோ வைரஸை அது நம்பகமாகக் கொல்வதில்லை. காய்ந்த பரப்பில் அந்த வைரஸ் பல நாள் உயிரோடு இருக்கும். கண் சிவந்து நீர் வடிகிறவருக்கு மேக்கப் போட மறுத்துவிடுங்கள். தெரியாமல் போட்டுவிட்டால் அந்தப் பிரஷைத் தூக்கிப் போடுங்கள். ஆயிரம் ரூபாய் பிரஷைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது, ஐம்பது ரூபாய் என்றால் வரும்.

கைப்பிடி நீளமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். முனையிலிருந்து முனை வரை சுமார் பதினைந்து சென்டிமீட்டர் இருந்தால் கண்ணாடியில் இடிக்காது. சின்ன ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளால் முனையை உருட்டையாகத் தேய்த்து, தெளிந்த நெயில் பாலிஷ் இரண்டு பூச்சுப் பூசிவிடுங்கள். தண்ணீர் உள்ளே ஏறாது. கத்தரிக்கோலால் நெரித்து ஒடித்தால் மரம் பிளந்து பூண் வரைக்கும் விரிசல் போகும். வாட்டர்கலர் பிரஷ் வாங்கினால் இந்த வேலையே வேண்டாம், அதன் கைப்பிடி குட்டைதான்.

கடைசியாக, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது. கதகளி நடிகரின் முகத்தில் பச்சையும் கறுப்பும் எழுதுவதற்குத் தென்னை ஈர்க்குச்சியைத்தான் சீவி எடுத்துக்கொள்கிறார்கள். வட கேரளத்துத் தெய்யத்தின் முகத்தெழுத்தும் ஈர்க்கில்தான். தூரத்திலிருந்து பார்த்தாலும் கண் பேசுகிற அளவுக்கு அந்தக் கோடுகள் நிற்கின்றன. மணப்பெண்ணுக்கு முன்னால் பையைத் திறக்கும்போது அவர் கவனிப்பது பிரஷ் கழுவியிருக்கிறதா, சரக்கைப் பேலட்டில் எடுத்து வைத்துத் தொடுகிறீர்களா, டப்பாவிலேயே பிரஷை விடுகிறீர்களா என்பதைத்தான். எனக்குத் தெரிந்த வரை, பிரஷின் கைப்பிடியில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்று யாரும் படித்ததில்லை. யாராவது கேட்டால் மறைக்காதீர்கள். ஐலைனருக்கு ஓவியப் பிரஷ்தான் வைத்திருக்கிறேன், கோடு மெல்லியதாக வரும், உங்களுக்கென்று புதிதாகக் கழுவி எடுத்து வந்தது என்று சொல்லி, அவர் மணிக்கட்டில் ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.